மாளவியர் வளர்த்த கலைக்குடும்பம்

காசிமாநகரின் தென்புறத்தே, கங்கையாற்றின் மேலைக்கரையில், ஏறத்தாழ 1,300 ஏக்கர் பரப்பில் ஒரு கலைநகர் விளங்குகின்றது. அதன் சாலைகள் அரைவட்ட வடிவில் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து செல்கின்றன. ஒரு வளைவில் கல்லூரிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பின்னே மாணவர் விடுதிகளும், அப்பால் ஆசிரியர் மனைகளும் அமைந்துள்ளன. கற்பாரும் கற்பிப்பாரும் ஓரூரினராய் ஒருங்கு வாழும்படி வகுக்கப்பெற்ற அந்நகரே காசி இந்துப் பல்கலைக்கழகம் ஆகும்.

அதனை ஆக்கியவர் முடிமன்னர் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். பாகவதக் கதை கூறி வாழ்ந்த எளிய அந்தணர் ஒருவரின் மைந்தர். நாவன்மையையும் நல்லொழுக்கத்தையுமே முதலாகக் கொண்டு, நாடெங்கும் சென்று பொருள் இரந்து, அக்கலைக்கோயிலை அவர் எழுப்பினார். அவரே பண்டித மதன்மோகன் மாளவியர் ஆவர்.

கட்டடங்களை எழுப்பியது அவர் பணியின் ஒரு பகுதியேயாம். பல்கலைக்கழகம் என்பது ஒரு குடும்பம். அதன்கண் மாறுபட்ட கருத்துக்கும் இடம் உண்டு. பிரிந்து செல்வோர்க்கும் அதன் வாயில் திறந்தே இருத்தல் வேண்டும். இதனைச் சொல்லுதல் எளிது. செய்து காட்டுதல் அரிது. அவ்வரிய செயலில் மாளவியர் எய்திய வெற்றியும், அவர் பட்ட துன்பமுமே அவர் வரலாற்றின் உயிர்நிலை எனலாம்.

பிறப்பும் இளமையும்

மாளவியர் 1861-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் அலகாபாத்து நகரில் தோன்றினார். தந்தையார் பிரஜநாதர், தாயார் மூனாதேவி. அவர்தம் முன்னோர் மாளவ நாட்டினின்றும் வந்து குடியேறியவர்கள். அதனால் அக்குடும்பத்தார் மாளவியர் எனப் பெயர் பெற்றனர். பிரஜநாதர் வடமொழியில் வல்லவர். பாகவதத்தை உள்ளம் உருக விரித்துரைப்பவர். கதை கேட்க வந்தோர் மனமுவந்து அளிக்கும் காணிக்கையே குடும்பத்தின் வருவாய். அவ்வருவாய் பல மக்களைக் கொண்ட இல்லத்திற்குப் போதுமானதாக இல்லை. ஆயினும் பெற்றோர் மைந்தர்தம் கல்வியைக் கைவிட்டாரல்லர்.

மதன்மோகனர் முதலில் வடமொழிப் பாடசாலைகளில் பயின்றார். பின்னர் ஆங்கிலப் பள்ளியிற் சேர்ந்தார். அதன்பின் அலகாபாத்து மியூர் மத்தியக் கல்லூரியிற் கற்று, 1884-ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தே அவர் மகரந்தன் என்னும் புனைபெயரில் இந்திக் கவிதைகளும் இயற்றி வந்தார். மேலும் கற்று வடமொழியில் எம்.ஏ. பட்டம் பெறவேண்டும் என்பது அவர் வேட்கை. வறுமை அதற்கு இடந்தரவில்லை.

அரசினர் பள்ளியில் ஆசிரியப் பணி ஒன்று அவரை நாடி வந்தது. தந்தையைப் போலக் கதை கூறியே வாழவேண்டும் என்று எண்ணியிருந்த அவர், அப்பணியை ஏற்கத் தயங்கினார். அதுபற்றிப் பேச வந்த அன்னையின் கண்கள் நீர் மல்கின. அக்கண்ணீரைக் கண்டதும் மைந்தரின் தயக்கம் அகன்றது. மாதம் நாற்பது ரூபாய் ஊதியத்தில் அவர் ஆசிரியரானார். தாம் விரும்பிய வழியைப் பிறர் நலத்தின்பொருட்டு மாற்றிக்கொள்ளும் இயல்பு அன்றே அவர்பால் வெளிப்பட்டது.

பத்திரிகை ஆசிரியர்

1886-ஆம் ஆண்டு கல்கத்தாவில் காங்கிரசுப் பேரவையின் இரண்டாம் மாநாடு தாதாபாய் நௌரோஜியின் தலைமையில் கூடிற்று. அதற்குச் சென்றிருந்த மாளவியர் அவைமுன் நின்று உரையாற்றினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தே. இளைஞரது நாவன்மை அவையோரைப் பெரிதும் கவர்ந்தது. கேட்டு மகிழ்ந்தோருள் காலாகாங்கர் அரசராகிய இராம்பால் சிங்கும் ஒருவர். அவர் இந்துஸ்தான் என்னும் இந்தி நாளிதழை நடத்தி வந்தார். அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்குமாறு அவர் மாளவியரை வேண்டினார். இருநூறு ரூபாய் ஊதியம் தருவதாகவும் கூறினார்.

மாளவியர் 1887-ஆம் ஆண்டு அப்பொறுப்பை ஏற்றார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். அரசர் மது அருந்தியிருக்கும் வேளையில் தம்மை அழைத்தல் ஆகாது என்பதே அந்நிபந்தனை. இரண்டரை ஆண்டுகள் இதழ் சிறப்புற நடந்தது. ஒருநாள் அரசர் சொன்ன சொல்லை மறந்து, மது அருந்திய நிலையில் அவரை அழைத்துவிட்டார். மாளவியர் சினந்து பேசவில்லை. நிபந்தனையை நினைவூட்டிப் பணியினின்றும் விலகினார். அவ்வளவு ஊதியத்தை அவர் துறந்தபோது கையில் வேறு தொழில் இல்லை. அவருடைய நேர்மையை உணர்ந்த அரசர், அவர் சட்டம் பயில்வதற்குப் பொருளுதவி செய்தார். அவ்வகையில் பணியாளர் விலகினாலும் நட்பு விலகவில்லை.

பத்திரிகைத் தொடர்பு அதனோடு முடிந்துவிடவில்லை. 1907-ஆம் ஆண்டில் அப்யுதய என்னும் இந்தி வார இதழை அவர் தொடங்கினார். 1909-ஆம் ஆண்டில் அலகாபாத்தினின்றும் லீடர் என்னும் ஆங்கில நாளிதழ் வெளிவர வழிசெய்தார். மர்யாதா என்னும் மாத இதழும் அவர் முயற்சியால் எழுந்தது. செய்தியை உள்ளவாறு வெளியிடுதல் வேண்டும். மாற்றார் கூற்றையும் கேட்டபின்னரே முடிவு கூறுதல் வேண்டும். கடிந்து கூறவேண்டியதனையும் பண்போடு கூறுதல் வேண்டும். இந்நெறிகளை அவர் பத்திரிகைப் பணியிற் கடைப்பிடித்தார். பின்னாளில் பல்கலைக்கழகத்தை நடத்துகையில் அவருக்குத் துணைநின்றவையும் இவையே.

விடுதியில் விளைந்த எண்ணம்

சட்டம் பயின்ற மாளவியர் 1893-ஆம் ஆண்டு முதல் அலகாபாத்து உயர்நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பணியாற்றினார். தொழில் வளர்ந்தது, பொருளும் புகழும் பெருகின. அந்நாளில் அவர் கண்ணை உறுத்திய காட்சி ஒன்று உண்டு. கல்லூரிக் கல்வியை நாடிச் சிற்றூர்களினின்றும் வந்த மாணவர் பலர் தங்க இடமின்றி அலைந்தனர். இருளும் ஈரமும் நிறைந்த சிறு அறைகளில் அவர்கள் குடியிருந்தனர். காலத்தில் உணவின்றியும், நோயுற்றபோது பார்ப்பாரின்றியும் வாடினர். பகலில் வகுப்பறையில் கற்கும் கல்வி, மாலையில் அவர்கள் திரும்பிச் செல்லும் இடத்தில் தேய்ந்து போவதை மாளவியர் உணர்ந்தார்.

ஆகவே அவர் பொருள் திரட்டி, 1903-ஆம் ஆண்டில் அலகாபாத்தில் மாணவர் விடுதி ஒன்றை எழுப்பினார். ஏறத்தாழ 230 மாணவர் அங்குத் தங்கிப் பயில இடம் ஏற்பட்டது. பல ஊரினரும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிக் கற்றனர். ஒருவர் நோயுற்றால் மற்றவர் பார்த்துக்கொண்டனர். கல்வி என்பது நூலைக் கற்பது மட்டுமன்று, பிறரோடு வாழக் கற்பதும் ஆகும் என்ற எண்ணம் அவ்விடுதியைக் கண்ட மாளவியர் உள்ளத்தில் வேரூன்றியது. விடுதியே இத்துணைப் பயன் தருமாயின், கல்லூரிகளும் விடுதிகளும் ஆசிரியர் இல்லங்களும் ஒருங்கே அமைந்த பல்கலைக்கழகம் எத்துணைப் பயன் தரும் என்று அவர் சிந்தித்தார்.

அக்காலத்தே இந்தியாவில் இருந்த பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிலையங்களாகவே இருந்தன. மாணவரும் ஆசிரியரும் கூடி வாழும் பல்கலைக்கழகம் அமைத்தல் புதிய முயற்சி. வேதமும் வடமொழியும் கற்பிக்கும் அதே இடத்தில் பொறியியலும் வேதியியலும் வேளாண்மையும் கற்பித்தல் வேண்டும் என்பது அதனினும் புதிய கருத்து.

இரவலரான வழக்குரைஞர்

1905-ஆம் ஆண்டின் இறுதியில் காசியில் காங்கிரசு மாநாடு கூடியபோது, மாளவியர் தம் திட்டத்தைப் பெரியோர் பலர்முன் வைத்தார். 1906-ஆம் ஆண்டு சனவரியில் அலகாபாத்தில் கும்பமேளா நிகழ்ந்தது. அங்குத் திரண்ட மக்களிடத்தும் அதனை எடுத்துரைத்தார். கேட்டோர் வியந்தனர், சிலர் நகைத்தனர். ஒரு கோடி ரூபாய் வேண்டும் என்று அவர் கூறியது பலர்க்குக் கனவாகவே தோன்றியது.

அந்நாளில் அன்னிபெசண்டு அம்மையாரும் பல்கலைக்கழகம் ஒன்று நிறுவ விழைந்திருந்தார். அவர் 1898-ஆம் ஆண்டிலேயே காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கி நடத்தி வந்தார். தர்பங்கா அரசராகிய இராமேசுவர சிங்கும் மற்றொரு திட்டம் வைத்திருந்தார். மூவரும் தனித்தனியே முயன்றால் எம்முயற்சியும் நிறைவுறாது என்பதை உணர்ந்து, 1911-ஆம் ஆண்டில் ஒன்றுபட்டனர். அம்மையார் தம் கல்லூரியைப் புதிய பல்கலைக்கழகத்தின் கருவாக அமையுமாறு விட்டுக்கொடுத்தார். தம் பெயர் நிலைக்கவேண்டும் என்று மூவருள் ஒருவரேனும் பிடிவாதம் கொண்டிருப்பின், அப்பல்கலைக்கழகம் தோன்றியிராது.

மாளவியர் நல்வருவாய் தந்த வழக்குரைஞர் தொழிலை விடுத்துப் பொருள் திரட்டப் புறப்பட்டார். வடநாட்டு நகரங்கள் பலவற்றிற்கும் அவர் சென்றார். அரசர் அவையில் நின்றார். வணிகர் வாயிலில் நின்றார். மன்னர்கள் இலட்சக்கணக்கில் வழங்கினர். ஏழை எளியோர் தம்மாலியன்ற சிறு காசுகளை ஈந்தனர். யார் எவ்வளவு கொடுப்பினும் அவர் முகமலர்ச்சியோடு ஏற்றார். தமக்கென ஒரு காசும் கேளாத அவர், பிறர் மக்களின் கல்விக்காகக் கேட்பதில் சிறிதும் நாணினாரல்லர். அவரைத் தம் அண்ணனாக மதித்த காந்தியடிகளும், இரப்பதில் அவருக்கு நிகரானவர் இலர் என்று போற்றினார்.

அரசினர் இசைவு பெறுதல் எளிதாக இல்லை. ஐம்பது இலட்சம் ரூபாய் நிதி சேர்த்துக் காட்டவேண்டும் என்பது அவர்கள் விதித்த கட்டளைகளுள் ஒன்று. அதுவும் நிறைவேறியது. 1915-ஆம் ஆண்டில் காசி இந்துப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறிற்று. எல்லா வகுப்பினரும், எல்லாச் சாதியினரும், எல்லாச் சமயத்தினரும் அங்குச் சேர்ந்து பயிலலாம் என்பது அச்சட்டத்திலேயே இடம்பெற்றது. காசி மன்னராகிய பிரபு நாராயண சிங் பரந்த நிலத்தை வழங்கினார். மைசூர் மன்னராகிய கிருஷ்ணராஜ உடையார் முதல் வேந்தரானார்.

கால்கோள் விழா

1916-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள், வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு பல்கலைக்கழகத்திற்கு அடிக்கல் நாட்டினார். விழாவையொட்டிப் பல நாள் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. 6-ஆம் நாள் நடந்த கூட்டத்திற்குத் தர்பங்கா அரசர் தலைமை தாங்கினார். மன்னர் பலர் மணியணிகள் ஒளிர மேடைமீது வீற்றிருந்தனர். தென்னாப்பிரிக்காவினின்றும் திரும்பி ஓராண்டே ஆகியிருந்த காந்தியடிகள் அன்று பேச எழுந்தார்.

அவர் விழாவிற்கேற்ற புகழுரை கூறவில்லை. தாய்மொழியிற் பேச இயலாமல் அயல்மொழியிற் பேச நேர்ந்தமைக்கு வருந்தினார். கோயிலைச் சூழ்ந்த தெருக்களின் அழுக்கைச் சுட்டிக் காட்டினார். ஏழைகள் வாழும் நாட்டில் மன்னர்கள் அணிந்திருந்த நகைகளின் பொருத்தமின்மையை இடித்துரைத்தார். மேடையில் சலசலப்பு எழுந்தது. அன்னிபெசண்டு அம்மையார் பேச்சை நிறுத்துமாறு கூறினார். மாணவர் பக்கத்தினின்றோ பேச்சைத் தொடருமாறு குரல் எழுந்தது. மன்னர் சிலர் எழுந்து சென்றனர். கூட்டம் இடையிலேயே முடிந்தது.

கட்டடம் எழுதற்கு முன்னரே, நன்கொடையளித்தவர் முன்னிலையில், இத்தகைய நிகழ்ச்சி நேர்ந்தது எவர்க்கும் கலக்கம் தருவதேயாம். அதன்பொருட்டு மாளவியர் காந்தியடிகளோடு பகைகொண்டாரல்லர். அவ்விருவர் நட்பும் மேலும் வளர்ந்தது. அப்பல்கலைக்கழகத்தின் வாயில் அவர்பொருட்டு மீண்டும் மீண்டும் திறந்தது.

குடும்பத் தலைவர்

பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சர் சுந்தர்லால். அவருக்குப்பின் தமிழ்நாட்டுப் பேரறிஞரான சர் பி.எஸ். சிவசாமி ஐயர் சிறிது காலம் அப்பதவியில் இருந்தார். 1919-ஆம் ஆண்டில் மாளவியர் அதனை ஏற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் துணைவேந்தராக விளங்கினார்.

அதே ஆண்டில் பொறியியற் கல்லூரியும் தோன்றியது. அதுவே வளர்ந்து 2012-ஆம் ஆண்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்தது. 1929-ஆம் ஆண்டில் மகளிர்க்கெனத் தனிக் கல்லூரி எழுந்தது. சிறந்த ஆசிரியர்களை எங்கிருந்தாயினும் தேடிக் கொணர்வதில் மாளவியர் ஊக்கம் மிக்கவர். தாவரவியல் அறிஞர் பீர்பால் சாகினி, வேதியியல் அறிஞர் சாந்தி சுவரூப் பட்நாகர், இந்தி இலக்கிய வரலாறு வகுத்த இராமச்சந்திர சுக்லர் முதலியோர் அங்குப் பணியாற்றியவர்கள். பட்நாகர் வேதியியல் கற்பித்ததோடு அமையாது, பல்கலைக்கழகத்திற்குரிய வாழ்த்துப்பாடலையும் இந்தியில் இயற்றித் தந்தார். அறிவியல் பேராசிரியர் எழுதிய பாடலை எல்லாத் துறை மாணவரும் கூடிப் பாடினர். ஒரு குடும்பத்தார் என்ற உணர்வு அவ்வாறு வளர்ந்தது.

மாளவியர் வளாகத்துள்ளேயே வாழ்ந்தார். வெள்ளாடையும் வெண்டலைப்பாகையும், நெற்றியில் சந்தனமும் விளங்க அவர் நடந்து வருங்கால், மாணவர் துணைவேந்தரைக் கண்டதாக எண்ணுவதில்லை. வீட்டுப் பெரியவரைக் கண்டதாகவே எண்ணினர். அவர் விடுதிகளுக்குச் சென்று மாணவர்தம் நலத்தை உசாவுவார். உணவும் உடற்பயிற்சியும் ஒழுங்காக நடைபெறுகின்றனவா எனக் கேட்டறிவார். கட்டணம் செலுத்த இயலாத ஏழை மாணவர் அவரை அணுகி வெறுங்கையோடு திரும்புதல் அரிது. ஏகாதசி நாட்களில் மாணவர் நடுவே அமர்ந்து பாகவதக் கதை சொல்லுவார். இளமையில் தந்தையைப் போலக் கதை கூறி வாழ எண்ணிய அவரது ஆசை, அவ்வாறு முதுமையில் நிறைவேறியது.

கடுஞ்சோதனை

குடும்பத் தலைவர்க்குப் பெருஞ்சோதனை 1920-ஆம் ஆண்டில் வந்தது. காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். அரசின் உதவி பெறும் கல்வி நிலையங்களைவிட்டு மாணவர் வெளியேறுதல் வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கட்டளைகளுள் ஒன்று. மாளவியரும் நாட்டு விடுதலையில் பெருவிருப்பம் உடையவர். அதற்குமுன் இருமுறை, 1909-ஆம் ஆண்டிலும் 1918-ஆம் ஆண்டிலும், காங்கிரசின் தலைவராக இருந்தவர். எனினும் கல்விச்சாலையை வெறுமையாக்குதல் நாட்டிற்கு நலம் பயவாது என்று அவர் கருதினார். பதினைந்தாண்டுகள் இரந்து கட்டிய வீட்டினின்று, பிள்ளைகளை வெளியே அழைக்க நண்பரே வருகின்றார். அந்நிலையில் வீட்டுக்குரியவர் செய்யத்தக்கது யாது?

மாளவியர் கதவை அடைக்கவில்லை. 1920-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் காந்தியடிகள் காசிக்கு வந்து, அப்பல்கலைக்கழக மாணவரிடத்தே தம் கருத்தை எடுத்துரைத்தார். மாளவியர் தம் மாறுபட்ட கருத்தைத் தாமும் கூறினார். இருவரும் ஒருவரையொருவர் இழித்துரைக்கவில்லை. மாளவியர்பால் கொண்ட மதிப்புக் குறைதலாகாது என்று காந்தியடிகளே மாணவர்க்கு அறிவுறுத்தினார். முடிவு செய்யும் உரிமை மாணவரிடமே விடப்பட்டது. செய்தியின் இருபுறத்தையும் மக்கள்முன் வைத்தல் வேண்டும் என்று பத்திரிகையாசிரியராக இருந்தபோது கொண்ட நெறியினின்றும், தம் வீட்டிற்கே இடர் வந்த காலத்தும் மாளவியர் வழுவவில்லை.

மாணவர் சிலர் வெளியேறினர். அங்கு ஆசிரியராக இருந்த ஆச்சாரிய கிருபளானியும் மாணவருடன் பிரிந்து சென்று, காசியிலேயே காந்தி ஆசிரமம் ஒன்றை நிறுவினார். 1921-ஆம் ஆண்டு பிப்ரவரியில் காசி வித்யாபீடம் என்னும் தேசியக் கல்வி நிலையம் அதே நகரில் தோன்றியது. பின்னாளில் இந்தியாவின் பிரதமராகிய லால்பகதூர் சாஸ்திரியார் அங்குப் பயின்றவரே. பெரும்பாலான மாணவர் மாளவியரிடமே தங்கினர். சென்றோரும் நாட்டிற்கு உழைத்தனர்; இருந்தோரும் நாட்டிற்கு உழைத்தனர்.

1921-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆங்கில இளவரசர் காசிக்கு வந்தார். நாடெங்கும் அவர் வருகையை மக்கள் புறக்கணித்த காலம் அது. பல்கலைக்கழகமோ அவரை வரவேற்றுச் சிறப்புப் பட்டம் வழங்கியது. அதனைப் பலர் கடுமையாகக் குறை கூறினர். மாளவியர் அப்பழியைத் தாங்கிக்கொண்டார். இரு பக்கத்தாரோடும் இணங்கி நடக்க முயல்வோர் இரு பக்கத்தாராலும் இகழப்படுதல் உலகியல்பு.

ஆயினும் நாட்டு மக்கள் துன்புற்றபோது அவர் வாளாவிருக்கவில்லை. சௌரி சௌரா என்னும் ஊரில் 1922-ஆம் ஆண்டு நிகழ்ந்த கலகத்தின்பொருட்டு 172 பேர்க்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பல்லாண்டுகள் நீதிமன்றத்தை விட்டிருந்த மாளவியர் மீண்டும் வழக்குரைஞர் அங்கி பூண்டு உயர்நீதிமன்றத்தில் அவர்களுக்காக வாதாடினார். 1923-ஆம் ஆண்டு வெளிவந்த தீர்ப்பில், 19 பேர்க்கே தூக்குத் தண்டனை உறுதி செய்யப்பட்டது. பின்னர் 1930-ஆம், 1932-ஆம் ஆண்டுகளில் அவரும் சிறை புகுந்தார்.

குறையும் நிறைவும்

எவ்வளவு சிறந்த குடும்பத்திலும் குறை இருத்தல் இயல்பு. அதனை மறைத்துக் கூறுதல் வரலாறு ஆகாது. பீகாரினின்றும் வந்த ஜகஜீவன்ராம் என்னும் இளைஞர் 1927-ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். பள்ளியில் பயின்ற காலத்தே அவருடைய திறமையை அறிந்து, காசிக்கு வருமாறு அழைத்தவர் மாளவியரே. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் தோன்றிய அவ்விளைஞர்க்கு விடுதியில் உணவு படைப்பதற்கும் பணியாளர் மறுத்தனர். நாவிதரும் முடி திருத்த மறுத்தனர். எல்லாச் சாதியினர்க்கும் உரியது என்று சட்டத்தில் எழுதப்பட்ட இடத்திலேயே அவ்விழிவு நேர்ந்தது. ஜகஜீவன்ராம் அதனை எதிர்த்து நின்றார். இடைநிலைத் தேர்வில் தேறியபின் கல்கத்தா சென்று பட்டம் பெற்றார். பின்னாளில் அவர் இந்திய அரசின் அமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் உயர்ந்தார்.

சட்டத்தால் வாயிலைத் திறத்தல் எளிது. உள்ளங்களைத் திறத்தல் அரிது என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. மாளவியர் தம் குலத்து ஆசாரங்களை இறுகப் பற்றி ஒழுகியவர். ஆயினும் காலம் செல்லச் செல்ல, தீண்டாமை தகாது என்று அவர் மக்களிடத்தே வற்புறுத்தலானார். கங்கைக் கரையில் அமர்ந்து, சாதி வேறுபாடு கருதாது ஒடுக்கப்பட்டோர்க்கும் மந்திரம் உபதேசித்தார். பழமையில் ஊறியோர் பலர் அதனை எதிர்த்தனர். தாம் பிறந்த சூழலின் வரம்பினை முழுதும் கடக்க அவரால் இயலாது போயினும், அதனைக் கடக்க அவர் எடுத்து வைத்த அடிகள் போற்றத்தக்கனவேயாம்.

இறுதி நாட்கள்

முதுமையால் உடல் தளர்ந்தபோது மாளவியர் துணைவேந்தர் பதவியினின்றும் விலக விரும்பினார். தம்மினும் தக்கவரிடம் குடும்பத்தை ஒப்படைத்தல் வேண்டும் என்பதே அவர் கவலை. திருத்தணியிற் பிறந்து தத்துவப் பேரறிஞராக உலகப் புகழ் எய்தியிருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் 1939-ஆம் ஆண்டில் அப்பொறுப்பை ஏற்றார். தாம் ஆக்கிய பொருளைத் தம் கண்முன்னே பிறர் கையில் கொடுத்து மகிழும் பேறு மாளவியர்க்கு வாய்த்தது.

1942-ஆம் ஆண்டு சனவரியில் பல்கலைக்கழகத்தின் வெள்ளிவிழா நிகழ்ந்தது. பேருரை ஆற்ற அழைக்கப்பட்டவர் காந்தியடிகளே. இருபத்தாறு ஆண்டுகளுக்குமுன் அடிக்கல் விழாவில் மன்னர்களைக் கலங்கவைத்த அவர், இம்முறையும் முகமன் மட்டும் கூறி அமரவில்லை. நாட்டுமொழிக்கு உரிய இடத்தை ஆங்கிலம் பற்றியிருத்தலைக் கடிந்துரைத்தார். வாயிலில் பொறித்திருந்த பெயரிலும் ஆங்கிலமே பேரிடம் கொண்டிருத்தலைச் சுட்டிக் காட்டினார். குறை கூறுவார் என்று அறிந்தே அவரை அழைத்தனர். அவர் கூறிய குறையை அமைதியாகக் கேட்டனர். மாளவியர் அக்குடும்பத்திற்கு இட்டுச்சென்ற பெருஞ்செல்வம் அப்பண்பேயாகும்.

1946-ஆம் ஆண்டில் நாட்டிற் பரவிய வகுப்புக் கலவரங்களின் செய்தி நோயுற்றிருந்த அவர் உள்ளத்தை மிகவும் வாட்டியது. அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் அவர் காசியில் இயற்கை எய்தினார். நாடு விடுதலை பெறுவதற்கு ஒன்பது திங்களே எஞ்சியிருந்தன. 2014-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர்க்குப் பாரத ரத்னா என்னும் பெருவிருதினை அறிவித்துச் சிறப்பித்தது.

செல்வத்தைத் திரட்டிக் கல்விச்சாலை கட்டியோர் பலர். கட்டிய சாலையைத் தம் உடைமை என்று கருதாது, மாற்றுக் கருத்தினரும் வந்து பேசும் பொது மன்றமாக வைத்தவர் சிலர். கற்கும் இடத்தில் கடிந்துரைப்பாரைத் தடுத்தல் ஆகாது. பிரிந்து செல்வாரைப் பகைத்தல் ஆகாது. புதிதாக வருவாரைத் தாழ்த்துதல் ஆகாது. இம்மூன்றனுள் முதலிரண்டையும் மாளவியர் வாழ்ந்து காட்டினார். மூன்றாவதை முற்றுவித்தல் அவர்க்குப்பின் வந்தோர்தம் கடனாயிற்று. பள்ளியிலும் கல்லூரியிலும் ஒருங்கிருந்து பயிலும் இளைஞர் ஒவ்வொருவரும் அக்கடனில் பங்குடையர். அதனை நிறைவேற்றுவதே அப்பெருந்தகைக்குச் செய்யும் உண்மையான வழிபாடாகும்.